மூஞ்சிக் கம்பளி இல்லாமல் போன வண்டி

அன்பு மகள் சல்தனத்துக்கு அம்மா எழுதுவது. அந்த யாகூத்ஸ்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா. இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. நான் இப்போது வீட்டில் இல்லை, ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரைசாவின் மேஜையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பு மூட்டுகிறவளுக்கு நாற்காலியா என்று கேட்காதே, ரைசாவும் வண்டி ஓட்டுகிற அப்பாவும் காலை ஆறு மணிக்கே ஆம்புலன்ஸில் நரின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள், மணி அடித்தால் எடு என்று ரைசா என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். வண்டியில் படுத்திருப்பது நம் பக்கத்து வீட்டுக் கலிபாவின் மருமகள் அய்சாதா, தலைப் பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறதோ என்று ரைசாவுக்குச் சந்தேகம். கலிபா என் எதிரிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். உருளைக்கிழங்குத் தோட்டத்துத் தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டு இரண்டு கோடையாக அவளும் நானும் முகம் பார்ப்பதில்லை என்று உனக்குத் தெரியும். இப்போதும் பேச்சு இல்லை. நான் ஊற்றிக் கொடுத்த டீயை மட்டும் குடிக்கிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, நாலு தரம் எழுந்து அடுப்பைக் கிளறிவிட்டேன், கிளற அதில் ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று தடுப்பூசித் தாள்களின் பின்பக்கத்தில் உனக்கு எழுத ஆரம்பித்தேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வாங்கின காரில் ஹீட்டரை முழுசாகத் திருப்பினாலும் கால் மணி நேரம் பனிக்காற்றுதான் வருகிறது, ஏமாந்துவிட்டோமா என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு, ஓட்டுறவதான் அவசரக்காரி, அவ அம்மா மாதிரி" என்றார். தானே பதில் எழுதுகிறேன் என்றார், எங்கே எழுதினார், அதனால் அவர் சொன்னதை நான் எழுதுகிறேன், முப்பது வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் இதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஹீட்டருக்கென்று தனியாக நெருப்பு ஒன்றும் கிடையாது. இன்ஜினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர் சூடாகி, ஒரு குழாய் வழியாக டாஷ்போர்டுக்குள் இருக்கிற சின்ன ரேடியேட்டருக்கு வருகிறது, ஃபேன் அதன்மேல் ஊதுகிறது, அந்தக் காற்றுதான் உன் காலில் படுகிறது. காலையில் அந்தத் தண்ணீரே பனிக்கட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பியாக இருக்கும்போது ஃபேன் எதை ஊதும். நீ ஃபேனை முழுசாக வைத்தால் இன்ஜின் பாடுபட்டுச் சேர்த்த கொஞ்சம் சூட்டையும் பிடுங்கிக்கொள்கிறாய், அது சூடாக இன்னும் நேரமாகும். அதனால் வண்டி கிளம்பினதும் ஃபேனை நிறுத்திவை, சூடு காட்டுகிற முள் மெல்ல எழும்பட்டும், அப்புறம் ஒன்றில் வை, கண்ணாடிப் பக்கம் முதலில், காலுக்கு அப்புறம். உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடுகிற பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்திக்கொண்டே ஓட்டாதே, உங்கள் மூச்செல்லாம் கண்ணாடியின் உள்பக்கம் பனியாகப் படியும். தித்திப்பாக ஏதாவது வாடை வந்தால் சின்ன ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று அர்த்தம், உடனே காட்டு. பனி கொட்டும்போது வண்டியை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே தூங்காதீர்கள், பின்னால் சைலன்சர் குழாயைப் பனி மூடினால் புகை உள்ளே வரும், வந்தது தெரியாமலே ஆளை முடித்துவிடும், இதை மட்டும் அப்பா இரண்டு தரம் சொன்னார்.

இன்னொன்றும் கேட்டிருந்தாய், அங்கே எல்லா வண்டிக்கும் முன்னால் கம்பளியோ அட்டையோ கட்டியிருக்கிறார்களே எதற்கு என்று. இன்ஜினுக்கும் முன்னால் இருக்கிற பெரிய ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு உண்டு, தெர்மோஸ்டாட், அப்பா அதை வாசல்காரன் என்பார். தண்ணீர் நன்றாகச் சூடாகிற வரைக்கும் வாசல்காரன் கதவைத் திறக்கமாட்டான், சூடு உள்ளேயே சுற்றும், அதுதான் ஹீட்டருக்கும் நல்லது. ஆனால் அந்த நேரமெல்லாம் முன்னால் இருக்கிற பெரிய ரேடியேட்டருக்குச் சூடு போவதில்லை, வண்டி ஓட ஓட எதிர்காற்று அதன் முகத்தில்தான் அறைகிறது. உன் வண்டியில் உறையாத கூலண்ட் இருக்கிறது, பயமில்லை. எங்கள் கிழட்டு ஆம்புலன்ஸில் வெறும் தண்ணீர், ராத்திரி வடித்துவிட்டு விடியற்காலையில் நான் இந்த அடுப்பில் கொதிக்க வைத்த இரண்டு வாளியை ஊற்றினால்தான் கிளம்பும். முகத்தில் கம்பளி கட்டாமல் நரின் வழியில் இருக்கிற கணவாய்க் காற்றில் போனால் அந்தத் தண்ணீர் அடியிலிருந்து உறைந்துகொண்டே வரும், பின்னால் இன்ஜின் கொதிக்கும், தண்ணீர் ஆவியாகிக் குறையும், குறைந்ததும் ஹீட்டரில் பனிக்காற்றுதான், அப்புறம் வண்டியும் நிற்கும், மைனஸ் முப்பத்தாறில்.

சல்தனத், அந்தக் கம்பளி என்னிடம் இருக்கிறது. முந்தாநாள் சாயங்காலம் பசு கன்று போட்டது. நனைந்து நடுங்கிக்கொண்டு கிடந்தது, கையில் அகப்பட்டது ஆம்புலன்ஸ் கொட்டகை ஆணியில் தொங்கின தடித்த கம்பளி, தூக்கி எறிகிறேன் என்று அப்பா சொன்ன பழசு என்று நினைத்து இரண்டு ஓட்டை போட்டுக் கன்றுக்கு மாட்டிவிட்டேன். பழசை அவர் எப்போதோ எறிந்துவிட்டார் போலிருக்கிறது. காலையில் அந்த அவசரத்தில், கலிபா வாசலில் அழுகிறாள், அய்சாதா கத்துகிறாள், அப்பா கொட்டகைக்குள் தடவிக்கொண்டே "மூஞ்சிக் கம்பளிய எங்கடி வச்ச" என்றார். எனக்கு எரிச்சல். "உங்க தலையும் கழுத்துல ஒட்டியிருக்கறதால தப்பிச்சுது, இல்லன்னா அதையும் எங்கயாவது கழட்டி வச்சுட்டுத் தேடுவீங்க, வண்டிக்குள்ளதான் கிடக்கும் போங்க" என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன். தேடுவதை விட்டுவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். ஏழரைக்குப் பால் கறக்கப் போனேன், கன்று அதைப் போட்டுக்கொண்டு நின்றது. ஒன்றும் ஆகாது, வழியில் அட்டை கிட்டை ஏதாவது கட்டிக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். மேலே இருக்கிற வரிகளை என் கையாலேயே எழுதின பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஊரைத் தாண்டினால் வழி முழுக்கப் பொட்டல், அட்டை எங்கே கிடைக்கும். மணி எட்டே முக்கால். இதைக் கலிபாவிடம் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

மறுபடி எழுதுகிறேன், மணி பத்து. சொல்லிவிட்டேன். அவள் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஒன் கன்னுக்குட்டி நடுங்கக்கூடாது, என் மருமக நடுங்கலாமா" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன். "ஏ புருல், அழுவறத அப்புறமா அழு. ஒக்காந்து கடுதாசி எழுதிக்கிட்டு இருக்கா பாரு. போனை எடுடி" என்றாள். யாருக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை, அவள்தான் கணவாய் அடிவாரத்தில் பனி தள்ளுகிறவர்களின் குடிலில் டெலிபோன் இருக்கிறதே என்றாள். ஓஸ்மோன் எடுத்தார், அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர், ஆம்புலன்ஸ் தாண்டிப் போயிற்றா என்று கேட்டேன். "இன்னும் வரலயே அண்ணி, எப்ப கெளம்புனாங்க" என்றார். எட்டுக்கே தாண்டியிருக்க வேண்டும். என்ன நடந்தது என்று உள்ளது உள்ளபடி அவரிடமும் சொன்னேன், படுக்கைக் கம்பளியை எல்லாம் எடுடா என்று யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது, டிராக்டரில் புறப்பட்டுவிட்டார்கள். எட்டே முக்காலுக்கு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கூப்பிட்டிருக்கலாம், ஏழரைக்கே கூப்பிட்டிருக்கலாம். கலிபா இப்போது ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்கிறாள். நான் நடக்கப் போனால் இருவரும் முட்டிக்கொள்கிறோம், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் சித்தப்பா மகன் கல்யாணம் வசந்தத்துக்குத் தள்ளிப் போயிற்று. நீ அனுப்பின கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது, அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறார். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மணி மூன்றரை. இருக்கிறார்கள், மூன்று பேரும் இருக்கிறார்கள், மூன்றில்லை, நாலு. ஓஸ்மோன் பன்னிரண்டுக்குக் கூப்பிட்டார், ரைசா இப்போதுதான் நரினிலிருந்து கூப்பிட்டாள், இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். அடிவாரத்துக்கு ஏழு கிலோமீட்டர் முன்னாலேயே முள் சிவப்புக்குப் போய்விட்டது, பின்னால் அய்சாதா படுத்திருந்த இடத்து ஹீட்டர் பனிக்காற்று ஊதிற்று. அப்பா வண்டியைத் திருப்பி அதன் முதுகைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தினார், தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி ரேடியேட்டரின் முகத்தில் கட்டினார், கேனில் இருந்த தண்ணீரை ஊற்றி இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். இந்த வண்டியில் இன்ஜின் முன் இரண்டு சீட்டுக்கும் நடுவே மூடியோடு உள்ளேயே இருக்கிறது, இருக்கிற சூடெல்லாம் அங்கேதான், அய்சாதாவைத் தூக்கி வந்து அந்த மூடிமேல் மெத்தை போட்டுப் படுக்க வைத்தார்கள். பிள்ளை அங்கேயே பிறந்தது, பெண், குறுக்கே ஒன்றும் கிடக்கவில்லை, ரைசா நினைத்தது தப்பு, அல்லாவுக்கு நன்றி. அந்த நேரமெல்லாம் அப்பா ஸ்வெட்டரோடு வெளியே நின்று உறைந்த வடிகுழாயை வெறுங்கையால் திருகிக்கொண்டிருந்தார். டிராக்டர் போய்த்தான் குடில் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது, அங்கிருந்து ஓஸ்மோன் ஆட்களின் லாரியில் நரினுக்குப் போனார்கள். அப்பாவின் இடது கையில் இரண்டு விரல் வெள்ளையாகிவிட்டது, இருக்குமா போகுமா என்று ஒரு வாரம் பார்த்துத்தான் சொல்வார்களாம், ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டிருக்கிறார்கள்.

ரைசா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, வண்டி ஏன் நின்னுச்சுன்னு ஆபீசுக்கு எழுதிக் குடுக்கணும். மூஞ்சிக் கம்பளிய நாந்தான் எங்கயோ தொலைச்சுட்டேன்னு எழுதச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுட்டாரு. வழி முழுக்க அதேதான் பேச்சு, எங்க வச்சேன்னே நெனப்பு வரல ரைசா, எனக்கு மூளை மழுங்கிப் போச்சு, காலையில அவ சொன்னது சரிதான், வீட்டுக்குப் போனா என்னைப் பிச்சுத் தின்னுடுவா, அப்படின்னு." பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது, இந்தக் காகிதம் போனால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். நான் அந்தத் தாளைக் கிழித்துப் போடு என்றேன். யார் எடுத்தது, எதற்கு எடுத்தது, எவ்வளவு நேரம் கழித்துச் சொன்னேன் என்பது வரைக்கும் சொல்லி, அடுப்பு மூட்டுகிற புருல் என்று எழுது, நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "அடுப்பு வேலை போயிடும் அக்கா" என்றாள். போகட்டும் என்றேன். அப்பாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள், வேண்டாம், டெலிபோனில் சொல்கிற விஷயமில்லை. விடிந்ததும் ஓஸ்மோனின் ஆட்களோடு லாரியில் போகிறேன். கலிபாவும் பேத்தியைப் பார்க்க வருகிறாள், தண்ணீர் முறை விஷயம் வேறு, அது அப்படியேதான் இருக்கிறது என்று கதவருகே நின்று சொல்லிவிட்டுப் போனாள். முப்பது வருஷமாக அந்த மனிதரை மறதிக்காரர் மறதிக்காரர் என்று சொல்லிச் சொல்லி, தான் செய்யாததைக் கூடத் தானே செய்ததாக நம்புகிற அளவுக்கு ஆக்கி வைத்திருக்கிறேன் சல்தனத். நாளைக்கு அவர் முகத்தைப் பார்த்து இதை எப்படி ஆரம்பிப்பேன் என்று தெரியவில்லை. திட்டுவதற்கென்றால் எனக்கு வார்த்தை தேட வேண்டியதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், போன வழி திரும்பி வந்து, பல காலம் நல்லபடி இருக்க வேண்டும், உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். காரில் எப்போதும் ஒரு தடித்த போர்வை, ஒரு கேன், இரண்டு நாள் ரொட்டி வைத்துக்கொள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாளாகும், அதற்குள் அவரிடம் எல்லாம் சொல்லியிருப்பேன். சொன்ன பிறகும் உன் அப்பா உனக்கு எழுதும்போது, கம்பளியைத் தொலைத்தது நான்தான் மகளே, உன் அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை என்றுதான் எழுதுவார். நீ அதை நம்பாதே.

இப்படிக்கு
உன் அம்மா
புருல்