அப்பா பயந்த ஒரே தலைவலி

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை கூசுகிறது, அதனால் நீ நலமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று திகைக்காதே. நீ கூப்பிடும்போதெல்லாம் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் எதைப் பேச? இப்போது பள்ளிக்கூட வாசலில், அப்பா ஓட்டும் பள்ளி வேனின் முன் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகள் உள்ளே படிக்கிறார்கள், அவர் பின் சீட்டில் காலை நீட்டிக் குறட்டை விடுகிறார். வேனில் உனக்கென்ன வேலை என்பாய், அதற்குத்தான் வருகிறேன்.

தையல்கார அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை, இருவரும் சௌக்கியம். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்துப் பிழைப்பு ஓடுகிறது. நீ அனுப்பிய ஸ்வெட்டர் எனக்கு அளவெடுத்தது போல் இருக்கிறது. அதே பார்சலில் அப்பாவுக்கென்று தலைவலிப் பொடி பாக்கெட் பாக்கெட்டாக அனுப்பினாயே, வினை அங்கேதான். உனக்குத் தெரியாததா, சனிக்கிழமை ராத்திரி மட்டும்தான் அவர் குடிப்பார். ஞாயிறு முழுக்க ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்து, பாத்திரத்தை மெதுவாக வை என்று முனகுவார். இனிமேல் தொட்டால் என்னை ஏனென்று கேள் என்று வாராவாரம் சத்தியம் செய்வார். நானும் வேண்டுமென்றே பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன். என் பேச்சுக்குப் பயமில்லை, டாக்டர் பேச்சுக்குப் பயமில்லை, இந்த வீட்டில் அவர் பயந்தது அந்தத் தலைவலி ஒன்றுக்குத்தான். அதை நீ பார்சல் போட்டு விரட்டிவிட்டாய்.

வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள், கிளாசுக்குக் கிளாஸ் தண்ணீர் குடியுங்கள், படுக்கும் முன் ஒரு பாக்கெட், எழுந்ததும் ஒரு பாக்கெட் என்று நீ சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறார். படிக்கிற வயதில் இந்த அக்கறை இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார் மனுஷன். காலையில் பளிச்சென்று எழுந்து விசில் அடித்துக்கொண்டு ஷேவ் செய்கிறார். தலை வலிக்காவிட்டால் சனி என்ன, செவ்வாய் என்ன? இப்போது தினமும் பாட்டில். மருந்துக்கடைப் பெண்ணிடம் அந்தப் பாக்கெட்டைக் காட்டிக் கேட்டேன். குடித்தால் உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் போய்விடும், வாய் வறள்வதும் தலை வலிப்பதும் பாதி அதனால்தான், அதற்குத் தண்ணீர் நல்லதுதான் என்றாள். அப்புறம், "வலி போயிடும்மா, போதை போகாது. உள்ள போனது தானா இறங்கணும். காபி குடிச்சாலும் குளிச்சாலும் அது சீக்கிரம் இறங்காது" என்றாள். ராத்திரி குடித்தது காலையிலும் ரத்தத்தில் இருக்குமாம். அதோடுதான் அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்.

சொன்னால் கேட்டால்தானே. தண்ணீர் நிறைந்த கிளாசை நீட்டிப் பிடித்து, பார், ஒரு சொட்டு சிந்துகிறதா என்கிறார். உன் பிள்ளை படித்தவன், கெடுதல் என்றால் அனுப்புவானா என்று என் வாயை அடைக்கிறார். போன வாரம் பேக்கரித் திருப்பத்தில் வேன் நடைபாதை மேல் ஏறி இறங்கியது. நின்றுகொண்டிருந்த லாரியில் பக்கக் கண்ணாடி உரசிச் சிதறியது. லாரிக்காரன் தப்பு என்று பள்ளியில் சொல்லிவிட்டார். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்களாம். அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்.

மறுநாளிலிருந்து நானும் வேனில் ஏறுகிறேன். சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்கத் துணைக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வண்டி ஓட்டத் தெரியாது எனக்கு, ஹேண்ட் பிரேக் எது என்று மட்டும் தெரியும். வழி நெடுக அதன் மேல் கையை வைத்தபடி வருகிறேன். பள்ளியில் உண்மையைச் சொன்னால் அவர் வேலை போகும், வீடும் பள்ளி கொடுத்தது, அதுவும் போகும். இந்த வயதில் அவரை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. சாப்பாடு இறங்கவில்லை கண்ணு, தூக்கமும் இல்லை.

நீ அதட்டினால் கேட்பார், அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத ஒன்று உறைத்தது. இது உன் கைக்கு வந்து சேரும் வரை, ஒவ்வொரு காலையும் பிள்ளைகள் இந்த வேனில் ஏற வேண்டும். என் சீட்டுக்கு நேர் பின்னால் முன்பல் விழுந்த ஒரு குட்டி உட்காருவாள், ஓட்டைப்பல் என்றுதான் கூப்பிடுவேன். இன்று காலை, "ஆன்ட்டி, ஏன் அதையே பிடிச்சிட்டு இருக்கீங்க, பயமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எனக்கெல்லாம் பயமே இல்ல, என் கையைப் பிடிச்சுக்குங்க" என்று சீட்டு இடுக்கில் கையை நீட்டினாள். பிரேக்கிலிருந்து கையை எடுத்துத்தான் அந்தக் கையைப் பிடிக்க முடிந்தது.

வேன் சாவியை உருவி என் பைக்குள் போட்டுவிட்டேன். மணி அடிப்பதற்குள் தலைமையாசிரியை அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி மேஜையில் வைக்கப் போகிறேன். உன் அப்பா விழித்ததும் என்ன ஆட்டம் ஆடுவாரோ தெரியாது. உன் மேல் தப்பில்லை, பாசத்தில் அனுப்பினாய். அந்தப் பொடியைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்கும் தலை வலித்தால் வலிக்கட்டும் ராசா, அதன் வாயை அடைக்காதே, அது சொல்வதைக் கேள். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு.

மறந்துவிடாதே, உறைக்குப் பின்னால் இருக்கும் விலாசத்துக்கு இனி எதையும் அனுப்பாதே. இது உன் கைக்கு வரும்போது நாங்கள் அந்த வீட்டில் இருக்க மாட்டோம். தையல்கார அக்கா நம்பருக்குக் கூப்பிடு, எங்கே இருக்கிறோம் என்று அவள் சொல்வாள்.

இப்படிக்கு,
சாவியோடு வேனிலிருந்து இறங்கும்
உன் அம்மா