வெள்ளச்சிக்கு நோய் இல்லை, அப்பா

பால் மணக்கும் கையுடைய என் அப்பாவுக்கு,

இரண்டாவது பரிசோதனை முடிவு நேற்று வந்தது. வெள்ளச்சிக்கு அந்த நோய் இல்லை. இல்லவே இல்லையாம். உங்கள் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்த பிறகு வந்து சொல்கிறார்கள்.

மாட்டின் கருவைக் கலைக்கும், பச்சைப்பாலால் மனிதருக்கும் தொற்றும் என்று சொல்லி, ஊர் மாடுகளிலெல்லாம் இரத்தம் எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? எங்கள் வெள்ளச்சிக்கு மட்டும் நோய் இருப்பதாக வந்தது. அன்றே மிருக வைத்தியர் முற்றத்தில் நின்று, "இது முதல் சோதினைதான் ஐயா. ரெண்டாவதும் வந்தாத்தான் முடிவு சொல்லலாம்" என்றார். ஊர் அதைக் கேட்கவில்லை. 'இருக்கு' என்றதை மட்டும் பிடித்துக்கொண்டது.

உங்கள் பால் இல்லாமல் பிள்ளையாருக்கு அபிஷேகம் நடந்ததில்லை. மறுநாள் கோயில் மனேச்சர் வாசலில் எல்லோருக்கும் முன்னால், "இனி உங்கடை பால் வேண்டாம். நீங்களும் கொஞ்ச நாளைக்கு வெளியிலை நிண்டு கும்பிடுங்கோ" என்றார். பாலை நிறுத்தியது சரி, அதை நான் குறை சொல்லமாட்டேன். உங்களை ஏன் நிறுத்தினார்கள்? ஒரு துளி இரத்தத்தின் முடிவைத் தீட்டாக, துடக்காக ஆக்கிவிட்டார்கள். செத்தவீட்டுத் துடக்குக்கூட முப்பத்தோராம் நாளில் கழிந்துவிடும். இதற்கு யார் நாள் குறித்தார்கள்?

நீங்களும் மறுபேச்சில்லாமல் வீதியில் நின்று கும்பிட்டீர்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒருநாள் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள்.

"அப்ப முதல் சோதினை பொய்யோ டொக்டர்?" என்று நேற்றுக் கேட்டேன்.

"பொய் எண்டில்லை, தங்கச்சி. அது மா அரிக்கிற கண் சின்ன அரிதட்டு மாதிரி. கல்லு தப்பக்கூடாது எண்டு நல்ல குறுணியையும் பிடிச்சு வைக்கும். உங்கடை பக்கம் உந்த நோய் அரிது. அப்ப பிடிபடுறதிலை கனக்க நல்ல மாடுதான். அதாலைதான் ரெண்டாந்தரம் பாக்கிறது."

இவ்வளவுதான், அப்பா. இதைக் கேட்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

இன்று காலை அதே மனேச்சர் வந்தார். "சதுர்த்தி வருது பிள்ளை, பாலைக் கொண்டு வாவன்." உங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"கொண்டு வாறன். அப்பாவை மறிச்ச வாசலிலை நிண்டு, அவரிலை ஒரு குறையும் இல்லை எண்டு சனத்துக்கு முன்னாலை சொல்லுங்கோ" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொல்லும்வரை வெள்ளச்சியின் பால் அந்தப் படி ஏறாது. சொல்லும் அன்று, நீங்கள் நின்ற இடத்திலிருந்து செம்பை நானே உள்ளே கொண்டுபோவேன். அதுவரை பிள்ளையார் காத்திருக்கட்டும். நீங்கள் வெளியில் காத்திருந்தீர்கள்தானே.

உங்கள் மூத்தவள்,
வதனி