ஹோட்டல் திரைச்சீலையும் உன் காலேஜ் ஃபீஸும்

என் அன்பு வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்திக்கொண்டிருக்கிறது. நீ சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம்ப்பா என்றுதான் பதில் வரும், அதனால் கேட்கவில்லை, நிஜமாகவே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் ஃபீஸ் என்று ஆரம்பித்ததும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது, ஹாஸ்டல் தலைக்கு மேலேயே டவர் நிற்கிறது என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். அதையும் மீறிப் பேசினால் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டியா, தூங்கினியா, முடி கொட்டுதா என்று தொடங்கிவிடுகிறாள். கடுதாசியை நீ கட் பண்ணவும் முடியாது, அவள் பிடுங்கவும் முடியாது, அதனால் பொறுமையாகக் கடைசி வரை படி.

ஸ்கூட்டரை விற்ற விஷயம் மாடி வீட்டு அக்கா வாயிலிருந்து உனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அக்காவிடம் ஒரு ரகசியம் சொல்வதும் ஒன்று, தெருமுனையில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று. விற்றது உண்மைதான், உன் முதல் வருஷ ஃபீஸில் கடைசித் தவணைக்குத்தான் போனது, ஆனால் அது நாலு உதை உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகிற வண்டி என்பதை அந்த அக்கா சொல்லியிருக்க மாட்டாள். வாங்கினவனை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. இதற்குப் போய், நடந்தே வேலைக்குப் போறீங்களாமே அப்பா, அடுத்த வருஷ ஃபீஸுக்கு எதை விப்பீங்க, நான் இந்த வருஷத்தோட நிறுத்திடறேன், ஒரு லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை இருக்கு, மாசக் கடைசியில மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அதை அவள் என்னிடம் சொல்லும்போது தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. அவள் மெஷினை நிறுத்தாமல் பேசினால் உள்ளே அழுகிறாள் என்று அர்த்தம், இது உனக்கும் தெரியும். அதற்கான பதிலை நான் தள்ளிவைத்தேன். ஏனென்றால் நீ உதவி கேட்டு எழுதின டிரஸ்டிலிருந்து அந்த வாரத்திலேயே வீட்டைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. அந்தக் கூத்தைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

அந்த டிரஸ்ட் எப்படிக் கிடைத்தது என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. பேங்கில் படிப்புக் கடன் கேட்டுப் போனேன், அவர்கள் தருவதாகச் சொன்ன தொகை யானைப் பசிக்கு சோளப்பொரி. அடமானமாக என்ன இருக்கு என்று கேட்டார்கள், என் முழங்காலைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் ஸ்டேஷன் ரோட்டில் இருக்கிற பழைய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் சர்வீஸ். மூன்றாவது மாடியில் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கிறேன், எதிரே ஒரு போர்டு, மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கான உதவி அறக்கட்டளை என்று. அந்தக் கதவுக்கு நான் வருஷக்கணக்காக எண்ணெய் விடுகிறேன் வாண்டு, ஒரு நாளாவது தலையைத் திருப்பிப் படித்தேனா பார். கையில் கிரீஸோடு உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. மறுநாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் மாடி வீட்டுக்காரரின் ஷூவுமாகப் போய் விண்ணப்பத்தை வாங்கி உனக்கு அனுப்பினேன். நீயும் பூர்த்தி செய்து, கூடவே கைப்பட ஒரு கடிதமும் எழுதி நேராக அவர்களுக்கே அனுப்பினாய். அதில் என்ன எழுதினாய் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டைப் பார்க்க ஒரு அம்மா வருவார்கள் என்று தகவல் வந்த அன்றிலிருந்து உன் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏழைக்கு உதவுகிறவர்கள் வருகிறார்கள், வீடு இருக்கிறபடி இருந்தால் போதும் என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். சொன்னேனா இல்லையா என்று அவளையே கேட்டுப் பார். விருந்தாளி வரும்போது வீடு இப்படியா கிடக்கும், நாளைக்கு நம்ம பொண்ணைப் பத்தி என்ன நினைப்பாங்க என்று என் வாயை அடைத்துவிட்டாள். மாடியிலிருந்து சோபா இறங்கியது, நானும் மாடி வீட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு படியில் இறங்கும்போது முழங்கால் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். பீங்கான் கப்புகளும் அங்கிருந்துதான். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒரு பெரிய ஹோட்டலின் மீட்டிங் ஹாலுக்குத் திரைச்சீலை தைக்கும் ஆர்டர் அவளிடம் வந்திருந்தது. சிவப்பு வெல்வெட், தங்க நிற ஓரம், உள்ளே கனமான லைனிங். தைத்து முடித்து டெலிவரிக்குக் காத்திருந்த அதை எடுத்து நம் ஜன்னல்களில் மாட்டிவிட்டாள். நம் ஜன்னல் உயரம் உனக்குத் தெரியும், நான் கை நீட்டினாலே மேல் கட்டை தட்டுப்படும். அந்தத் துணியோ ஆளுக்கு ரெண்டு மடங்கு நீளம். மிச்சத்தை மடித்து மடித்துக் குண்டூசி குத்திவைத்தாள். வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், வீடு நாடகக் கொட்டகை மாதிரி இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து ராஜா வருவார் என்றுதான் தெரியவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணாமாடி என்று கேட்டேன், உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா என்று என்னையும் அதே இஸ்திரிச் சட்டைக்குள் தள்ளிவிட்டாள்.

வந்த அம்மா என் வயதுதான் இருப்பார்கள். கண்ணாடியும் ஒரு துணிப்பையும், அவ்வளவுதான். சோபாவில் உட்கார்ந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்கள். அந்தப் பார்வையிலேயே உன் ரெண்டாம் வருஷம் ஜன்னல் வழியாகப் பறந்து போவது எனக்குத் தெரிந்தது. சொந்த வீடா, வாடகையா, வேலை என்ன, வேறு வருமானம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே திரைச்சீலையின் ஓரத்தைக் கையில் பிடித்துப் பார்த்தார்கள். ரொம்ப நல்லா இருக்கே, இவ்வளவு நேர்த்தியான தையல், எந்தக் கடையில வாங்கினீங்க, விலை ஜாஸ்தி இருக்குமே என்று கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். உன் அம்மா எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வாள், தன் தையலுக்கு ஒரு கடை பேர் வாங்கிக்கொண்டு போவதை மட்டும் பொறுக்க மாட்டாள். கடையா, எந்தக் கடையிலங்க இப்படி அடிச்சுத் தருவான், துணிதான் ஹோட்டல்காரங்களோடது, தையல் ஒவ்வொண்ணும் என் கை, இந்த ஓரத்தைப் பாருங்க, உள்பக்கம் திருப்பிப் பாருங்க, ஒரு நூல் வெளியே தெரியுதா என்று எழுந்து போய்த் திருப்பியே காட்டிவிட்டாள். குண்டூசி தெறித்து மொத்த வெல்வெட்டும் சரசரவென்று இறங்கியது. பின்னாலிருந்த உடைந்த ஜன்னல் கண்ணாடியும், அதில் நான் ஒட்டிவைத்திருக்கிற அட்டையும் வெளியே வந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே நுணல் கெட்டதோடு நிற்காமல் உள்பக்கத் தையலையும் விளக்கிக்கொண்டிருந்தது.

உன் அம்மா அப்படியே துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் திருதிருவென்று முழித்தேன். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அப்போ இந்த சோபா என்று கேட்டார்கள். மாடி என்று நான் கையை மேலே காட்டினேன். அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கப் கையில் ஆடியது, அதுவும் மாடி வீட்டுக் கப் என்று எனக்கு அதுவேறு பயம். எங்ககிட்ட வர்றவங்க காரைத் தெருமுனையில ஒளிச்சுவெச்சுட்டு நடந்து வருவாங்க, சோபாவைக் கடன் வாங்கிப் போட்டவங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன் என்றார்கள். நானும் சேர்ந்து சிரிக்கலாமா என்று யோசிக்கிறதுக்குள், அது இருக்கட்டும் சார், எங்க ஆபீஸ் லிஃப்ட் கதவு மறுபடி மாட்டுது, இஞ்சினியர் நீங்களே வருவீங்களா, இல்ல மெக்கானிக்கை அனுப்பி வைப்பீங்களா என்று கேட்டார்கள் பார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். என் தந்தை ஒரு லிஃப்ட் நிறுவனத்தில் பொறியாளர் என்று முத்து முத்தாக உன் கையெழுத்து. கட்டடத்தில் தினம் ஏறி இறங்குகிறவர்கள், எண்ணெய் டப்பாவோடு என்னை எத்தனை தடவை பார்த்திருப்பார்கள். இஸ்திரிச் சட்டையில் நான் விண்ணப்பம் வாங்கப் போன அன்றே அவர்களுக்குத் தெரிந்துவிட்டதாம்.

வாண்டு, எனக்கு உன்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். அப்புறம் யோசித்தால், அம்மா திரைச்சீலை மாட்டினாள், நான் அடுத்தவர் ஷூவை மாட்டினேன், நீ எனக்கு ஒரு பட்டத்தை மாட்டினாய், மூன்று பேரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். உதவி கேட்கப் போன இடத்தில் உதவியே வேண்டாதவர்கள் மாதிரி நின்றால் அவர்கள் எப்படிக் கொடுப்பார்கள் சொல்லு.

அதற்குப் பிறகு அந்த அம்மா ரொம்ப நேரம் இருந்தார்கள், நம் சொந்த டம்ளரில் இன்னொரு டீயும் குடித்தார்கள். ஸ்கூட்டர் விற்றது, ஓவர்டைம் நின்றது, அம்மாவின் ஆர்டர் சில மாதம் வரும் சில மாதம் வராது என்பது, எல்லாவற்றையும் இந்தத் தடவை உள்ளது உள்ளபடி சொன்னோம். நேற்று அவர்களிடமிருந்து போன் வந்தது. காலேஜ் ஃபீஸை வருஷாவருஷம் டிரஸ்டே நேராகக் காலேஜுக்குக் கட்டும், நீ பாஸ் பண்ணிக்கொண்டே வரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் பொய்யான தகவல் உள்ள விண்ணப்பத்தை அவர்கள் கமிட்டி முன்னால் வைக்க முடியாதாம். நீ புதிதாக, உண்மையாக ஒரு கடிதம் எழுதி மாசக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். நீ மூட்டை கட்டுவதாகச் சொன்ன அதே மாசக் கடைசிதான். அது வராவிட்டால் இந்த இடம் காத்திருக்கிற வேறு பிள்ளைக்குப் போய்விடும், அதுவும் நியாயம்தானே. ஹாஸ்டலும் சாப்பாடும் அவர்கள் கணக்கில் வராது. அதற்கு உன் காலேஜிலேயே மாணவர் உதவிக்கென்று ஒரு ஆபீஸ் இருக்குமாம், ஹாஸ்டல் ஃபீஸைக் குறைப்பார்கள், லைப்ரரியில் பகுதிநேர வேலை கொடுப்பார்கள், ஆனால் மாணவர்தான் போய்க் கேட்க வேண்டும், யாரும் தேடிக்கொண்டு வரமாட்டார்கள். மிச்சத்துக்கு பேங்க் தருகிற அந்த சோளப்பொரி போதும். படிப்பு முடிந்த பிறகுதான் தவணை ஆரம்பம், ஆனால் வட்டி முதலிலிருந்தே ஏறுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடு என்றும் அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

நீ அந்த ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பி வருவாய் என்று எனக்குத் தெரியும், யார் பெண் நீ. அதனால் ஒன்று சொல்கிறேன். போன மாதம் ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஒருவர் மாட்டிக்கொண்டார். சர்வீஸுக்குப் போன நான் தற்செயலாகத் திறக்கிற வரைக்கும் அலாரம் மணியை அவர் தொடவே இல்லை. ஏன் சார் என்று கேட்டால், எல்லாரும் வேடிக்கை பார்ப்பாங்களேன்னு கூச்சமா இருந்தது என்கிறார், வியர்வையில் சட்டை ஒட்டிக்கிடக்கிறது. அந்த மணி அடிக்கத்தானே வைத்திருக்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். என்னால் ஃபீஸ் கட்ட முடியவில்லை, என்ன வழி இருக்கிறது என்று அந்த காலேஜ் ஆபீஸ் ஜன்னலில் நின்று ஒரு வாக்கியம் சொல். அதற்கு மேல் அவர்களே பேசிக்கொள்வார்கள்.

இன்னொன்றும் எழுதவேண்டும், அம்மா எழுதாதீங்க என்றாள், எழுதுகிறேன். அந்த டிரஸ்ட் அம்மா கிளம்பும்போது, ஒருவேளை உங்க பொண்ணு படிப்பை விட்டுட்டு வந்துட்டா என்ன செய்வீங்க என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா சொன்னாள், வந்தா எனக்கு சந்தோஷமா இருக்கும்ங்க, தினம் அவ முகத்தைப் பார்க்கலாம், அந்த சந்தோஷத்தை நினைச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு என்று. சொல்லிவிட்டு வெல்வெட்டை மடிக்க உட்கார்ந்துவிட்டாள். நீ வந்தால் எங்களுக்குச் சுமை குறையும் என்று நினைக்கிறாய். உன் பெட்டி இல்லாமல் அந்த மூலை காலியாகக் கிடக்கிறது, நாங்கள் ரெண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடமாடுகிறோம். எங்களுக்குச் சுமை பணம் இல்லை கண்ணு, நீ இல்லாததுதான். அதையே தூக்கிவிட்டோம், இந்த ஃபீஸ் எம்மாத்திரம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிக்காதே, மாடி வீட்டு அக்கா சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டு கேள். பேங்கிலிருந்து தாள் வந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்பு. நீ எல்லா நலமும் பெற்று, கைராசியான டாக்டர் என்று நாலு பேர் சொல்லும்படி நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், இது எங்கள் ரெண்டு பேரின் ஆசீர்வாதம். கடிதத்தை இன்றைக்கே எழுதி அனுப்பிவிடு, நாளைக்கு என்று தள்ளாதே. லீவுக்கு வா, ஓடி வந்து கதவைத் திறப்பேன். படிப்பை விட்டுவிட்டு வந்தாலும் திறப்பேன்தான், அப்பனாச்சே, திறக்காமல் என்ன செய்வது, ஆனால் அப்படி வராதே அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா,
லிஃப்ட் மெக்கானிக்