தட்டில் வைத்த மிச்சம்

ஜூன் 4

கப்பல் சமையலறை மகாராஜாவுக்கு,

கோபம் ஆறியதா? கிளம்பும் அன்று எனக்காக விடியலிலேயே எழுந்து மீன் சமைத்தீர்கள். நான் மூன்று வாயோடு தட்டைத் தள்ளிவிட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. "அப்பாவுக்கு மூக்கு நுனியில கோபம்மா" என்று நம் மகள் சிரிக்கிறாள். கடிதம் என்றால் படித்துத்தானே ஆகவேண்டும்! வேளைக்குத் தூங்குங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 27

மூக்குக்கண்ணாடிக் கடை அம்மாவுக்கு,

நலம். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. சாப்பாடு எப்படி என்று நான் யாரையும் கேட்கிற வழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். திரும்பி வரும் தட்டைப் பார்ப்பேன், அவ்வளவுதான். இங்கே எல்லாத் தட்டும் வழித்துத் துடைத்து வருகிறது. நம் வீட்டில் மட்டும், நான் இருந்த ஆறு மாதமும், பாதிக்கு மேல் மிச்சம். என் கைமணம் போய்விட்டதென்றால் நேராகச் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பரில் ஒப்பந்தம் முடிந்ததும் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார் கேப்டன். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம் என்றிருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை மறந்துவிடாதே.

இப்படிக்கு, நான்தான்

ஜூலை 15

கோபமே இல்லாதவருக்கு,

பதறாமல் படியுங்கள். போன வாரம் கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிவிடும்போதே மயங்கி விழுந்தேன். மாத்திரை தன் வேலையைச் செய்து சர்க்கரையை ரொம்ப இறக்கிவிட்டது. அதை ஈடுகட்ட வேண்டிய சாப்பாடோ வயிற்றை விட்டு நகரவே இல்லை. டாக்டர் காலையில் சாப்பிடவைத்து வயிற்றைப் படம் எடுத்தார். மதியம் எடுத்த படத்திலும் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

"பல வருஷச் சர்க்கரைம்மா, வயித்தை அசைக்கிற நரம்பு தளர்ந்திருக்கு" என்றார். மாத்திரையை மாற்றியிருக்கிறார். கொழுப்பும் நாரும் குறைவாக, குழைய வேகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வேண்டுமாம்.

வாயுத் தொல்லை என்றே நினைத்திருந்தேன். நீங்கள் வருந்துவீர்களே என்று வாந்தியையும் மறைத்தேன். உங்கள் கைமணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தனியாகத் தட்டின் முன் உட்காரவே பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

உங்களுடையவள்

ஆகஸ்ட் 2

என் செல்லத்துக்கு,

கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். அன்றைக்குச் சாதம் அடிபிடித்துவிட்டது. எத்தனையோ பேர் தட்டைப் பார்த்துப் பார்த்து, எதிரே இருந்த உன் முகத்தைப் பார்க்காமல் விட்டேனே! மனசு ஆறவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதம் வந்துவிடுவேன். அதற்குள் கை பழகட்டும் என்று தோல் நீக்கிய காய்கறியை மசித்து விதவிதமாகச் சூப் வைக்கிறேன். "மாஸ்டர், எங்களுக்கெல்லாம் பல் இருக்கு!" என்று மாலுமிகள் அலறுகிறார்கள். பிழைத்துப் போகட்டும்.

ஒரு சின்னக் கிண்ணம் வாங்கியிருக்கிறேன். அதிலும் முடிந்த அளவு சாப்பிடு, போதும். மிச்சத்தை நான் சாப்பிட்டுக்கொள்கிறேன். உன் எச்சில் எனக்கென்ன புதிதா?

உன் சமையல்காரன்