பூநாரை என்ன நிறம்

பொன்னேரி
15.2.2009

அன்பு மகள் ஷஹனாஸுக்கு, உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் உன் வாப்பாவும் சுகம், வாப்பாவின் முட்டிவலி மட்டும் வந்து வந்து போகிறது. அங்கே பனி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். உன் ஆராய்ச்சிக் கட்டுரையை இப்போதைக்கு யாருக்கும் அனுப்பாதே, உம்மாவின் கடிதம் வருகிறது என்று பழவேற்காட்டு பிரவுசிங் சென்டர் தமீம் அன்சாரியை விட்டு உனக்கு இரண்டு வரி மெயில் போடச் சொன்னேன். பயந்துபோய்ப் போன் செய்தாய். வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் என்னால் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. மெயிலில் தமிழ் அடிக்க எனக்கு வராது. ஆங்கிலத்தில் எழுதலாம்தான், ஆனால் இந்த விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதினால் விஷயமே காணாமல் போய்விடும், ஏனென்று நீயே பார்ப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரிலிருந்து ஒரு குடும்பம் உன்னைக் கேட்டு வந்தது. பையன் பெயர் ஷாகிர், கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் பெயிண்ட் கம்பெனிக்கு அடுத்த தெருவில் உள்ள இரும்பு ஆலையில் இன்ஜினியர். உன்னைக் கேட்காமல் வரச் சொன்னதற்குக் கோபப்படாதே, வரச் சொன்னது நானும் இல்லை, உன் ரமீஸா மாமி. பழவேற்காட்டிலிருந்து காலையிலேயே பிரியாணிச் சட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். பையனின் தாயார் டீயைக் கையில் வாங்குவதற்குள், படிப்பெல்லாம் இருக்கட்டும், பொண்ணு நெறமா என்று கேட்டார். எம்புள்ள கொஞ்சம் கறுப்பு, பொண்ணாவது நெறமா இருந்தாத்தானே பொறக்கறதுங்கோ செவப்பா வரும் என்று காரணமும் சொன்னார். பறவைகளின் நிறம் தலைமுறை தலைமுறையாக எப்படி வருகிறது என்று நீ வருடக்கணக்கில் படிப்பதை அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் ரமீஸா மாமி முந்திக்கொண்டு, இன்னா இப்படி கேட்டுட்டீங்கோ, எங்க பொண்ணு நம்ம ஏரிக்கு வருதே பூநாரை, அதுமாரி செவப்பு, குளிர் தேசத்துல இருந்துகினு இன்னும் செவந்துட்டா என்றாள். உன் வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மகள் கறுப்பு, புகைப்படம் வேண்டுமானால் வெயிலில் எடுத்ததைத் தருகிறேன் என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு பிரியாணியைப் பற்றி மட்டும் நடந்தது. சாப்பிட்டுப் போய்விட்டார்கள், இன்றுவரை பதில் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஆனால் பாத்திரம் கழுவும்போது மாமியின் வார்த்தை என்னை விடவில்லை. பூநாரை எங்கே சிவப்பாக இருக்கிறது? உடம்பு முக்கால்வாசி வெள்ளை, இறக்கையை விரித்தால்தான் உள்ளே ரோஸ். பொன்னேரியில் இருக்கும் எனக்கே தெரியும்போது பிறந்ததிலிருந்து ஏரிக்கரையில் இருப்பவளுக்குத் தெரியாதா? ஏன் மதினி, பூநாரை வெள்ளைதானே என்று கேட்டேன். அதற்கு அவள், வெள்ளைன்னா சுண்ணாம்பு அடிச்சாப்ல இருக்கணும், அது இன்னா செவுரா, அது நல்ல செவப்பு, அதும் குஞ்சுதான் கறுப்பு, தமீம்கிட்டயும் அப்படித்தானே சொன்னேன் என்றாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். தமீம் எப்போது கேட்டான் என்று கேட்டேன். அதான் நம்ம ஷஹனாஸ் அனுப்பின பறவைப் படத்தையெல்லாம் காட்டி ஒண்ணொண்ணும் இன்னா நெறம்னு கேட்டானே, அவன் நெறம் கேட்டான், நான் நெறத்தைச் சொன்னேன், கலர் கேட்டிருந்தா கலரைச் சொல்லியிருப்பேன் என்று என்னை ஏதோ பாடம் படிக்காதவளைப் போலப் பார்த்தாள்.

இப்போது புரிந்திருக்கும். நீ நல்ல தமிழில் 'இதன் நிறம் என்ன' என்று கேள்வி எழுதி அனுப்பினாய். நம் வீடுகளில் புடவைக்கும் சுவருக்கும் இருப்பது கலர், நிறம் என்பது மனுஷருக்கு, அதுவும் கல்யாணப் பேச்சில். நிறம் என்று கேட்டால் சிவப்பு, மாநிறம், கறுப்பு என்று மூன்று பதில்தான் வாயில் வரும். வெளிறிய பறவையையெல்லாம் பழவேற்காட்டுப் பெண்கள் சிவப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். தமீம் தன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதை ஒன்று விடாமல் ரெட் என்று அடித்து உனக்கு அனுப்பியிருக்கிறான். நீ இதேபோல் கேட்டனுப்பிய மற்ற ஊர்ப் பறவைகளுக்கு அந்தந்த ஊர்க்காரர்கள் வெள்ளையை வெள்ளை என்றே சொல்லியிருப்பார்கள். இந்தப் பதில்களை வைத்துத்தானே உன் கம்ப்யூட்டர் நிறம் பார்க்கப் பழகியது? நம் ஏரிக்கு வரும் பறவைகளில் மட்டும் சிவப்பு தனியாக, வேகமாக உருவாகியிருக்கிறது என்று அது கண்டுபிடித்ததாகவும், உன் பேராசிரியர் மெச்சினார் என்றும், அதைச் சொல்லித்தான் மேலும் இரண்டு வருடத்துக்கு உதவித்தொகை கேட்கப்போவதாகவும் பக்ரீத்துக்கு எழுதியிருந்தாய். அந்தச் சிவப்பு ஏரியில் இல்லை ஷஹனாஸ், நம் சொந்தக்காரர்கள் வாயில் இருந்திருக்கிறது.

சந்தேகத்தில் எழுதக்கூடாது என்று நேற்று நானே பழவேற்காட்டுக்குப் போனேன். அதே படங்களைத் தமீமைத் திறக்கச் சொல்லி அதே பெண்களை உட்காரவைத்து, இது இன்னா கலர் என்று மட்டும் கேட்கச் சொன்னேன். வெள்ளை, ரோஸ், சந்தனக் கலர், சாம்பல் என்று வரிசையாகச் சொன்னார்கள். சிவப்பு என்று சொன்னது ஒரு பறவையின் மூக்கை மட்டும். தமீமுக்கு முதலில் முகம் செத்துவிட்டது, பிறகு சிரித்துக்கொண்டே, மாமி, இவங்கோ எல்லாம் பூநாரைக்கு மாப்ள பாத்துகினு இருந்திருக்காங்கோ என்றான். ரமீஸா மாமி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவனைத் திட்டி மெயில் எதுவும் போடாதே, அவன் கேட்டதை எழுதினான்.

மெஷின் எதையும் கற்றுக்கொள்ளாது, அதெல்லாம் பேச்சு என்று நீ போகும்போது சொன்னேன். எங்கள் கம்பெனி லேபில் பெயிண்ட் கலர் பார்க்கும் மெஷினோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டியவள் என்ற தைரியத்தில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். உன்னுடையது நன்றாகத்தான் கற்றுக்கொள்கிறது. நம் பெண்கள் ஒரு மருமகளை எப்படிப் பார்ப்பார்களோ அப்படியே பறவையைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இனி நீ என்ன செய்வாய் என்பதுதான் எனக்குக் கவலை. இந்தப் பதில்களை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்து ஒப்பேற்றலாம் என்று தோன்றும். தோன்றினால் தப்பில்லை, செய்யாதே. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையே பேராசிரியரிடம் நீயே போய் நிறம், கலர் இரண்டையும் சொல்லி விளக்கு. கண்டுபிடிப்பு போய்விடும், உதவித்தொகையும் போகலாம். போனால் திரும்பி வா, நம் வீட்டில் உனக்கு ஒரு குறையும் வராது. சொல்லாமல் விட்டால் வேறு ஒருவர் இதை நம்பி அதன்மேல் இன்னொன்றைக் கட்டுவார், அது உனக்கு வேண்டாம். சரியான பதில்களைத் தமீம் தனியாக அனுப்புகிறான். பயன்படுத்துவதும் விடுவதும் உன் பேராசிரியரைக் கேட்டபின் இருக்கட்டும்.

வாப்பா உன் உடம்புக்கும் படிப்புக்கும் துஆ செய்கிறார், ரமீஸா மாமி ஸலாம் சொல்லச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. அல்லாஹ் உனக்கு நேரான நாவைத் தரட்டும். பேராசிரியர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் செய். அவர் கோபப்பட்டிருந்தாலும் செய், இரண்டு ரிங்குக்குள் எடுப்பேன்.

இப்படிக்கு
உன் உம்மா
நசீம் பானு