வர ஐந்தரை மணி, போக இரண்டரை மணி

சீவலப்பேரி
18.12.1996

அன்பு மகன் மாசானத்துக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கச்சி பேராச்சியும் சுகம். நீ சுகமா என்பதை உன் கையால் எழுதினால்தான் நம்புவேன், போட்டோவில் எல்லாரும் சுகமாகத்தான் நிற்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல வழக்கம்போல அவள்தான் எழுதுகிறாள். எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளை, பிழை இருந்தால் சிரிக்காதே, அவளுக்குக் கூச்சம். இந்த வரியை எழுதவே மாட்டேன் என்றாள்.

உன்னோடு வேலை செய்யும் பேட்டை அசன் மைதீன் லீவில் வந்தவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். நீ கொடுத்துவிட்ட போர்வையும் தைலமும் கிடைத்தன. துபாய் எவ்வளவு தூரம் என்று அவனிடம் கேட்டேன். திருவனந்தபுரத்திலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று சொல்லி விமான டிக்கெட்டை எடுத்துக் காட்டினான். பேராச்சி வாசித்தாள். வரும்போது பகல் பன்னிரண்டுக்கு ஏறி சாயங்காலம் ஐந்தரைக்கு இறங்கியிருக்கிறான். திரும்பும்போது காலை ஒன்பதுக்கு ஏறினால் பதினொன்றரைக்கு அங்கே இறங்கிவிடுவானாம். நான் விரல் விட்டு எண்ணினேன். "போவும்போது வெரசா போயிருதிய, வாரதுக்குத்தான் நேரமாவுதோ" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். அடுப்படியில் இருந்தபடியே பேராச்சிதான் பைய சொன்னாள், "அங்கன கடிகாரம் நம்மளவிட ஒன்றரை மணி பிந்தி ஓடுதும்மா. போகவும் நாலு மணி, வரவும் நாலு மணிதான்." கடைத்தெரு போனில் பேசும்போது ஒருநாள் இங்கே மணி என்ன என்று நீ கேட்டாயே, அன்றைக்கே தெரிந்து வைத்துக்கொண்டாளாம்.

வெறும் நாலு மணி. நம் ஊரிலிருந்து பஸ் மாறித் திருவனந்தபுரம் போய்ச் சேரவே அதைவிட நேரமாகும். போன தையில் உன் அப்பா இறந்தபோது மறுநாள் மத்தியானம் வரை உனக்காக வைத்திருந்தோம். கடைசியில் சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். தூரம் அப்படி, பிள்ளை என்ன செய்வான் என்றுதான் இந்த ஒரு வருஷமாகக் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். உன்மேல் குறை இல்லை அய்யா. பாஸ்போர்ட் கம்பெனி வசம் இருப்பதையும், அன்று பொழுது சாயும்வரை நீ மேனேஜர் அறை வாசலில் நின்றதையும் அசன் மைதீன் சொன்னான். அதை ஏன் எனக்கு எழுதவில்லை.

வருகிற தை மாதம் தேய்பிறைப் பஞ்சமியில் அப்பாவுக்கு வருஷத் திதி. ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் உன் கையால் விட வேண்டும். லீவை இப்போதே எழுதிக் கேள். இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினாலும் போதும். வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. நம் குலசாமி சுடலை உனக்குக் காவல் நிற்பான். பஞ்சமியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா
ஆவுடைத்தாய்

அண்ணனுக்குப் பேராச்சி எழுதுவது. இது அம்மா சொல்லி எழுதியது இல்லை. திதியையும் தானே செய்துவிடுவதாகச் சித்தப்பா மகன் வந்து கேட்டான். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஐந்தரைக்கு இறங்கினால் எந்த பஸ்ஸில் ஊருக்கு வருவாய் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். நம் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஒன்பதேகாலுக்கு என்று சொன்னேன். திருவனந்தபுரத்திலிருந்து வந்து அதை உன்னால் பிடிக்க முடியாது என்று இன்னும் சொல்லவில்லை. ஒரு நாள் முன்னாலேயே கிளம்பி வா.