கடல் வாத்துகளின் வரைபடத்தில் உன் பெயர்

என் மாலதி அக்கா,

நீ இருந்தவரை உன்னிடம் கோபப்படத் துணிந்ததில்லை. இன்று படுகிறேன், கேட்டுக்கொள்.

நேற்று ஓக்லாந்தில் அமெரிக்காவும் கனடாவும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. குளிர்காலத்தில் நம் வளைகுடாவில் சிப்பி தின்று, கோடையில் கனடா ஏரிகளில் முட்டையிடும் கடல் வாத்துகளை இரண்டு நாடும் சேர்ந்து காப்பாற்றுமாம். நீ வாய் வலிக்கச் சொன்னது அதுதானே?

அன்று, வளைகுடாவின் வடகரையையும் தென்கரையையும் தூர்த்துப் படகுத்துறை கட்டாதீர்கள் என்று நீ போய் நின்றபோது, "அது கனடாப் பறவை, அங்கே கேளுங்க" என்றார் இங்கிருந்த அதிகாரி. அங்கே கேட்டால், "சாவது உங்க கடல்லதானே" என்றார்கள். நேரில் போகலாமென்றால் உன் கிரீன் கார்டு வரவில்லை. போனால் திரும்ப முடியாது என்றார் வக்கீல். கடைசியில் கனடாவின் பறவை ஆய்வாளர் ஹெலன்தான் உன் சமையலறைக்கு வந்தார். அங்கே கூடு இருக்கும் இடங்களை அவரும், இங்கே இரை கிடைக்கும் இடங்களை நீயும் ஒரே வரைபடத்தில் குறித்தீர்கள்.

மார்பில் கட்டி என்றாய். டாக்டரைப் பாருக்கா என்று கெஞ்சினேன். "படகுத்துறை ஹியரிங் முடியட்டும்டா, அப்புறம் அப்பாயின்ட்மென்ட் எடுத்துக்கறேன்" என்றாய். ஹியரிங் தள்ளித் தள்ளிப் போனது. கட்டி காத்திருக்கவில்லை. உனக்கு ஒரு மகள் இருப்பது ஞாபகம் வரவில்லையா?

நேற்று அதே அதிகாரி உன் வரைபடத்தைத் திரையில் காட்டி, எங்கள் துறையின் உழைப்பு என்றார். பார்வையாளர் வரிசையிலிருந்து நான் எழுந்துவிட்டேன்.

"அது என் அக்கா போட்ட மேப். அவங்களைத் திருப்பி அனுப்பினதே நீங்கதான்."

"இப்ப அதுக்கு நேரமில்லை" என்றார்.

எதிர்ப்பக்கத்தில் கனடா சார்பில் கையெழுத்திட வந்திருந்த ஹெலன் பேனாவைக் கீழே வைத்தார். "மாலதியின் பெயரைப் போடுங்கள். பிறகு கையெழுத்துப் போடுகிறேன்."

போட்டார்கள். ஆனால் வடகரையை எப்போதோ தூர்த்தாயிற்று, அங்கே இப்போது படகுத்துறைக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. தென்கரை தப்பியது. அதற்குப் போய் கைதட்டுகிறார்கள், அக்கா.

திரும்பும்போது காரில் உன் பிரியா, "மாமா, அம்மா வுட் ஹேவ் யெல்ட் லவுடர்" என்றாள். நீ இன்னும் சத்தமாகக் கத்தியிருப்பாயாம்.

தென்கரையில் ஒரு கூடை மண் விழுந்தாலும் போய் நிற்பேன். ஆனால் பிரியாவுக்குக் காய்ச்சல் என்றால், எந்தக் கூட்டமானாலும் பாதியில் எழுந்து வீட்டுக்கு வருவேன். இதுவும் சத்தியம்.

உன்மேல் கோபம் ஆறாத தம்பி,
சேகர்